ஸ்லாவிய மொழிகளில் ‘நீ’யும் ‘நீங்க’ளும்: தமிழ் பேசுபவருக்கான முழுமையான வழிகாட்டி

ரஷ்யர்கள் பேச்சில் ஒரு பொருளை நீட்டும்போது ‘நா’ என்பார்கள். நம்முடைய ‘இந்தா’தான். எதிரே பலர் இருந்தாலோ, மரியாதைக்குரிய ஒருவர் இருந்தாலோ அதுவே ‘நாத்யே’ ஆகும். அதாவது ‘இந்தாங்க’. ‘பய்த்யோம்’ என்றால் போகலாம், ‘பய்த்யோம்த்யே’ என்றால் போகலாங்க. ஒட்ட வேண்டியது ஒரு ‘த்யே’ மட்டும். நாம் ‘ங்க’ போடுகிற இடத்தில் அவர்கள் ‘த்யே’ போடுகிறார்கள். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்கு இதை விளங்கவைக்க ஒரு வகுப்பாவது ஆகும். தமிழ் பேசுபவருக்கு ஒரு நிமிடம் போதும்.

எனவே ரஷ்யம், போலிஷ், செக், பல்கேரியம் போன்ற ஸ்லாவிய மொழி எதையாவது படிக்கத் தொடங்கும் தமிழர், இந்த விஷயத்தில் பாதி வழியைக் கடந்தவராகவே உள்ளே நுழைகிறார். பன்மைச் சொல்லை ஒருவருக்கு மரியாதையாகச் சொல்வது நமக்குப் பிறவிப் பழக்கம். நாம் தடுக்கி விழுவது வேறு இரண்டு இடங்களில். ஒன்று, வாக்கியத்தின் வால். ‘நீங்கள்’ என்று தொடங்கிவிட்டோம், ஆனால் கடைசியில் வரும் சொல் ஒருமையா பன்மையா, ஆண்பாலா பெண்பாலா என்பது மொழிக்கு மொழி மாறும். இன்னொன்று, யாரை நீ என்பது, யாரை நீங்கள் என்பது. அதில் நம் வீட்டு வழக்கத்தை அங்கே கொண்டுபோனால் பல நேரம் தலைகீழாகிவிடும்.

படி 1: இரண்டு சொற்களை வாயில் பழக்குங்கள்

‘நீ’ என்பதற்கு எல்லா ஸ்லாவிய மொழிகளிலும் கிட்டத்தட்ட ஒரே சொல்: தி. பன்மைக்கு வி. பல்கேரியத்திலும் மாசிடோனியத்திலும் மட்டும் அது ‘வியே’. சமஸ்கிருதத்தின் ‘த்வம்’ என்பதும் லத்தீனின் ‘தூ’ என்பதும் இந்தத் ‘தி’யின் உறவுக்காரர்கள்.

தெற்கே, அதாவது ஸ்லோவேனியம், குரோஷியம், செர்பியம், பல்கேரியம் ஆகியவற்றில் இந்த ‘தி’ நம் ‘திரும்பு’வில் வரும் தி போலவே ஒலிக்கும். ரஷ்யத்திலும் போலிஷிலும் அப்படி இல்லை. அங்கே அந்த உயிர் இகரத்துக்கும் உகரத்துக்கும் நடுவில் நிற்கும். பலர் இதை வராத ஒலி என்று நினைத்துத் தொண்டையை நெரித்துக்கொள்வார்கள். தேவையே இல்லை. ‘பத்து’, ‘பாட்டு’ என்று சாதாரணமாகச் சொல்லும்போது கடைசியில் உதடு குவியாமல் ஒரு உகரம் வருகிறதே, அந்தக் குற்றியலுகரம்தான் இதற்கு மிக அருகில் உள்ள ஒலி. ‘பத்து’வின் கடைசித் ‘து’வை மட்டும் சொல்லிப் பாருங்கள், ரஷ்ய ‘நீ’ ஏறக்குறைய வந்துவிடும். எழுதும்போது வசதிக்காக எல்லாவற்றையும் ‘தி’, ‘வி’ என்றே எழுதுகிறேன்.

வேற்றுமையும் பெரிய பாரமில்லை. ரஷ்யத்தில் உங்களை என்பதற்கு வாஸ், உங்களுக்கு என்பதற்கு வாம், உங்களால் என்பதற்கு வாமி, உங்கள் என்பதற்கு வாஷ். ‘நீ’யின் பக்கம் திப்யா (உன்னை), திப்யே (உனக்கு), த்வோய் (உன்). முதல் வாரம் ‘வி’ குடும்பத்தை மட்டும் மனப்பாடம் செய்தால் போதும். புதிதாக வருபவர் பேசப்போகும் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு அதுதான் வேண்டும்.

படி 2: இது எப்படி வந்தது என்று கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்

வரலாறு எதற்கு என்று கேட்கலாம். ‘தி’ என்ற சொல் ஒரே நேரத்தில் அன்பாகவும் அவமானமாகவும் இருப்பது ஏன் என்று இதில்தான் புரியும்.

பழைய ஸ்லாவிய மொழியில் ‘வி’ பன்மை மட்டுமே. கீவ் இளவரசர் ஸ்வியாதொஸ்லாவ் போருக்கு முன் எதிரிகளுக்கு ‘உங்கள் மேல் வருகிறேன்’ என்று சொல்லி அனுப்புவாராம். கீவின் பழைய ஆண்டுக்குறிப்பேடு 964ஆம் ஆண்டுப் பகுதியில் இதைச் சொல்கிறது. அந்த ‘உங்கள்’ மரியாதை இல்லை, எதிரில் ஒரு கூட்டமே இருந்தது, அவ்வளவுதான். அதற்குப் பல நூற்றாண்டுகள் கழித்தும் மாஸ்கோவின் ஜார் மன்னருக்கு மனு எழுதிய குடியானவன் அவரை ‘தி’ என்றே விளித்தான். ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. நம் சங்கப் புலவர்களும் மன்னர்களை ‘நீ’ என்றுதான் பாடினார்கள்.

ஒருவருக்கே பன்மை என்ற வழக்கம் மேற்கு ஐரோப்பாவில் லத்தீனிலிருந்து பரவி, ரஷ்யாவில் 18ஆம் நூற்றாண்டில், முதலாம் பீட்டர் காலத்திலிருந்து வேர்பிடித்தது. 1722இல் அவர் கொண்டுவந்த பதவிப் படிநிலைப் பட்டியலோடு அதிகாரிகளுக்கான விளிச்சொற்களும் படிப்படியாக வரிசைப்பட்டன. அதன் பிறகு ‘தி’க்கு இரண்டு முகங்கள். நண்பனுக்கும் தாய்க்கும் சொல்வது ஒரு முகம், எஜமான் வேலைக்காரனுக்குச் சொல்வது இன்னொரு முகம்.

இரண்டாவது முகம் எவ்வளவு சுட்டது என்பதற்கு இரண்டு சான்றுகள். 1912இல் சைபீரியாவின் லேனா தங்கச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி, வேலைநேரம் ஆகியவற்றோடு ‘எங்களைத் தி என்று அழைக்கக் கூடாது, வி என்று அழைக்க வேண்டும்’ என்பதும் அவர்களுடைய கோரிக்கை. 1917 புரட்சியின் முதல் நாட்களில் பெட்ரோகிராட் சோவியத் (தொழிலாளர்கள், சிப்பாய்களின் மன்றம்) வெளியிட்ட ஆணை எண் 1, அதிகாரிகள் சிப்பாய்களைத் ‘தி’ போட்டுப் பேசுவதைத் தடை செய்தது. ஒரு பேரரசு சரிந்துகொண்டிருந்த வேளையில் உட்கார்ந்து எழுதிய ஆணையில் ஒரு முன்னிலைப் பெயருக்கும் இடம் கிடைத்திருக்கிறது.

தமிழ் இதே பாதையில் இரண்டு முறை நடந்திருக்கிறது என்பது என் பிரியமான உபரித் தகவல். ‘நீர்’ என்பது ஒருகாலத்தில் பன்மை. அது ஒருவருக்கான மரியாதைச் சொல்லானதும் பன்மைக்கு ‘கள்’ சேர்த்து ‘நீங்கள்’ வந்தது. பிறகு அதுவும் மரியாதைச் சொல்லாகிவிட்டது. இப்போது உண்மையிலேயே பலரைக் குறிக்க ‘நீங்க எல்லாரும்’ என்று இழுக்க வேண்டியிருக்கிறது. ரஷ்யர்களும் அதே குழப்பத்துக்கு அதே மருந்தைத்தான் வைத்திருக்கிறார்கள்: ‘வி ஃப்ஸ்யே’, நீங்கள் எல்லாரும்.

படி 3: வினையை மாற்றுங்கள்

இது எளிது. நிகழ்காலத்தில் ‘உனக்குப் புரிகிறது’ என்பதற்கு ‘தி பனிமாயெஷ்’, ‘உங்களுக்குப் புரிகிறது’ என்பதற்கு ‘வி பனிமாயெத்யே’. ஏவலில் ‘ப்ரஸ்தீ’ என்றால் மன்னி, ‘ப்ரஸ்தீத்யே’ என்றால் மன்னியுங்கள். வணக்கம்கூட இரண்டு வகை. ‘ஸ்த்ராஸ்த்வுய்’ நண்பனுக்கு, ‘ஸ்த்ராஸ்த்வுய்த்யே’ மற்ற எல்லாருக்கும். அந்தச் சொல்லே முதலில் ‘நலமாக இரு’, ‘நலமாக இருங்கள்’ என்ற ஏவல்தான்.

இதில் ஒரு நடைமுறை நன்மை உண்டு. எதிரில் இருப்பவர் உங்களுக்கு வணக்கம் சொல்லும் விதத்திலேயே அவர் உங்களை எந்தப் பக்கம் வைத்திருக்கிறார் என்று தெரிந்துவிடும். காதைத் தீட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: வாக்கியத்தின் வாலைப் பிடியுங்கள்

இங்கேதான் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். பெரும்பாலான ஸ்லாவிய மொழிகளின் இறந்தகாலம் நம்முடையது போல இல்லை. ‘எழுதினாய்’ என்ற நம் வினையில் முன்னிலை தெரியும், பால் தெரியாது. அவர்களுடைய இறந்தகால வினையில் பால் தெரியும். ஆண் என்றால் பிஸால், பெண் என்றால் பிஸாலா, பலர் என்றால் பிஸாலி. சரி, எதிரில் ஒரே ஒரு பெண்மணி இருக்கிறார், மரியாதையாக ‘நீங்கள் எழுதினீர்கள்’ என்று சொல்ல வேண்டும். பெண்பால் ஒருமையா, பன்மையா?

ஒரே வினையை வைத்து ஊர் ஊராகக் கேட்டுப் பார்ப்போம்.

மாஸ்கோவில்: வி பிஸாலி. பன்மை. உக்ரைனிலும் அப்படியே.

ப்ராகில் (செக்): வி ஸ்தே ப்ஸலா. துணைவினையான ‘ஸ்தே’ பன்மையில் நிற்கிறது, ‘ப்ஸலா’ பெண்பால் ஒருமை. எதிரில் ஆண் என்றால் ‘வி ஸ்தே ப்ஸல்’. பலர் இருந்தால்தான் ‘ப்ஸலி’.

பிராட்டிஸ்லாவாவில் (ஸ்லோவாக்): வி ஸ்தே பீஸலி. செக்கும் ஸ்லோவாக்கும் அண்ணன் தம்பி போன்ற மொழிகள், ஒருவர் பேசுவது மற்றவருக்கு நன்றாகவே புரியும். 1993 வரை இரண்டும் ஒரே நாட்டில் இருந்தன. ஆனாலும் இந்த ஒரு இடத்தில் இரண்டும் பிரிந்துவிட்டன. ஸ்லோவாக்கில் ஒருவராக இருந்தாலும் பன்மைதான் இலக்கணம்.

பெல்கிரேடிலும் (செர்பியம்) ஸாக்ரெபிலும் (குரோஷியம்) லுப்லியானாவிலும் (ஸ்லோவேனியம்): வி ஸ்தே பிஸலி. பன்மை, அதிலும் ஆண்பால் பன்மை. எதிரில் இருப்பது பெண் என்றாலும் அப்படித்தான். ஸ்லோவேனியாவில் பேச்சுவழக்கில் பலர் செக் பாணியில் பெண்பால் ஒருமையைப் போடுவார்கள். அதற்குப் ‘பாதி வி’ என்ற பொருளில் பெயரே வைத்திருக்கிறார்கள். பள்ளியில் அதைத் திருத்துவார்கள்.

சோபியாவில் (பல்கேரியம்): வியே ஸ்தே பிஸலி.

வார்சாவில் (போலிஷ்): பானி பிஸாவா. இது தனிக் கதை, ஆறாம் படியில் வருகிறேன்.

வினை முடிந்தது. ‘நீங்கள் தயாரா?’ என்று கேட்கும்போது பெயரடை வரும். அங்கே இன்னொரு கிளை பிரிகிறது. அதே பெண்மணியிடம் ரஷ்யத்தில் ‘வி கதோவி?’ என்று பன்மையில் கேட்க வேண்டும். பல்கேரியத்தில் ‘வியே ஸ்தே கொதோவா?’ என்று பெண்பால் ஒருமையில் கேட்க வேண்டும். ஒரே வேர்ச்சொல்தான். பல்கேரிய விதி என்னவென்றால், ‘பிஸலி’ போன்ற லகரம் வரும் வினைவடிவம் பன்மையில், பெயரடை ஒருமையில். பல்கேரியர்களே இதில் அடிக்கடி தவறுகிறார்கள், எனவே நீங்கள் தவறினால் வெட்கப்பட வேண்டாம். ஸ்லோவாக்கும் இதே பிரிவினையைத்தான் பின்பற்றுகிறது. செர்பியமும் குரோஷியமும் பெயரடையையும் பன்மையிலேயே வைத்துவிடும்.

ரஷ்யத்தில் ஒரு சின்ன கொக்கி. பெயரடைக்கு அங்கே குறுவடிவம், நெடுவடிவம் என்று இரண்டு உண்டு. ‘கதோவி’ குறுவடிவம், அது பன்மையில் வரும். நெடுவடிவமோ ஒருமைக்குப் போய்விடும். ‘நீங்கள் எவ்வளவு நல்லவர்’ என்று ஒரு பெண்மணியிடம் சொல்ல ‘வி தகாயா தோப்ரயா’, இரண்டு சொல்லும் பெண்பால் ஒருமை. பெயர்ச்சொல்லும் ஒருமைதான். ‘வி வ்ராச்’ என்றால் நீங்கள் மருத்துவர்.

இதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை என்று தமிழருக்கு மட்டும் சொல்லலாம். ‘நீங்கள் நல்லவர்கள்’ என்று ஒருவரிடம் சொல்வோமா? மாட்டோம். ‘நீங்கள் வந்தீர்கள்’ என்று வினையில் ‘கள்’ வைப்போம், ‘நீங்கள் நல்லவர்’, ‘நீங்கள் மருத்துவர்’ என்று பெயரில் ‘கள்’ளை எடுத்துவிடுவோம். வினையில் பன்மை, பெயரில் ஒருமை என்ற இந்த உணர்வை அப்படியே ரஷ்யத்துக்கும் பல்கேரியத்துக்கும் கொண்டுபோகலாம். ரஷ்யக் குறுவடிவத்தை மட்டும் வினைக் கட்சியில் சேர்த்துக்கொள்ளுங்கள். செக் படிப்பவர்களுக்குத்தான் கூடுதல் வேலை, ஏனென்றால் அங்கே ஒருமை வினைக்குள்ளும் பாதி நுழைந்துவிடுகிறது.

படி 5: யாருக்கு எது, எந்தப் பெயரோடு

பொது விதி எளிது. அறிமுகமில்லாத பெரியவர், கடைக்காரர், அதிகாரி, ஆசிரியர், மருத்துவர், நோயாளி எல்லாருக்கும் ‘வி’. குழந்தைகள், நண்பர்கள், குடும்பத்தார் ஆகியோருக்குத் ‘தி’. இதில் கடைசிச் சொல்தான் நம்மைக் கவிழ்க்கும்.

மாஸ்கோவில் ஒரு நண்பன் வீட்டுச் சமையலறையில் அவனுடைய எண்பது வயதுப் பாட்டியோடு தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். நான் ‘வி’ போட்டு, பெயரோடு தந்தை பெயரும் சேர்த்து, வாக்கியத்துக்கு வாக்கியம் பணிவு காட்டிக்கொண்டிருந்தேன். பேரன் உள்ளே வந்தான். ‘தி’ போட்டு, ‘நீ மருந்து சாப்பிட்டாயா?’ என்று ஒரு அதட்டல். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பாட்டி சாதாரணமாகப் பதில் சொன்னார். அங்கே அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி எல்லாருமே ‘தி’தான். நம் வீடுகளில் அம்மாவை ‘நீ’ என்பவர்கூட அப்பாவை ‘நீங்க’ என்பார். அந்தக் கோடு ரஷ்ய வீட்டில் இல்லை. ஆனால் மாமனார், மாமியார் வந்தால் பலரும் ‘வி’க்கு மாறிவிடுவார்கள். கோடு இரத்த உறவைச் சுற்றி இழுக்கப்பட்டிருக்கிறது, வயதைச் சுற்றி இல்லை.

உக்ரைன் கிராமங்களில் கதை வேறு. அங்கே பெற்றோரை ‘வி’ என்று அழைக்கும் பழைய வழக்கம் இருந்தது, இன்னும் சில குடும்பங்களில் இருக்கிறது. அதைவிட ருசியான விஷயம், எதிரில் இல்லாத ஒருவரைப் பற்றிப் பேசும்போதும் மரியாதைக்குப் பன்மை போடுவார்கள். ‘மாமா பிஸாலி’ என்றால் ‘அம்மா எழுதினாங்க’ (ஆம், ‘மாமா’ அங்கே அம்மாவைக் குறிக்கும், பழகிக்கொள்ள வேண்டியதுதான்). நம் ‘அப்பா வந்தாங்க’, ‘டீச்சர் சொன்னாங்க’ அப்படியே அங்கே இருக்கிறது. போலந்து, ஸ்லோவாக்கியக் கிராமப் பேச்சிலும் இதன் தடம் உண்டு. இன்றைய ரஷ்யத்தில் இல்லை. ஆசிரியையைக் குறித்துப் பேசினாலும் ‘அநா’ என்ற ஒரே சொல்தான், அதற்குள் அவள், அவர் என்ற பிரிவு கிடையாது. முதலில் அது நமக்கு நாக்கில் உறுத்தும். ஆனால் அந்த ஆசிரியை அதே அறையில் இருக்கும்போது ‘அநா’ என்று சுட்டுவது ரஷ்யர்களுக்கும் உறுத்தும். பெயரைச் சொல்ல வேண்டும்.

எந்தப் பெயர்? ரஷ்ய மரியாதை, ‘வி’யோடு முடிவதில்லை. ஆளின் பெயர், பிறகு அவர் தந்தையின் பெயரிலிருந்து வந்த சொல். பியோத்ரின் மகள் ஆன்னா என்றால் ஆன்னா பெத்ரோவ்னா, பியோத்ரின் மகன் இவான் என்றால் இவான் பெத்ரோவிச். நாம் முன்னெழுத்தில் சுருக்கி வைத்திருக்கும் அப்பாவின் பெயரை அவர்கள் முழுதாக நடுவில் எழுதி, விளிக்கவும் பயன்படுத்துகிறார்கள். இவான் பெத்ரோவிச் என்பதோடு ‘வி’ சேர்ந்தால் முழு மரியாதை. வெறும் ‘பெத்ரோவிச்’ என்று சொல்லித் ‘தி’ சேர்த்தால் அது பழைய சகாக்களின் பேச்சு, தொழிற்சாலை வாசலில் கேட்கும். தந்தை பெயரை விட்டு, ஆளின் பெயரை முழுதாகச் சொல்லி ‘வி’ போடுவது இன்றைய அலுவலகங்களில் பெருகிவரும் பாணி. செல்லப்பெயரோடு ‘வி’ பெரும்பாலும் ஒட்டாது.

மருத்துவம் படிக்கத் தமிழ்நாட்டிலிருந்து ரஷ்யாவுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் ஊர் வார்டில் ‘என்ன பாட்டி, வலி எப்படி இருக்கு?’ என்று கேட்டால் முகம் மலரும். அங்கே வயதான நோயாளியைப் ‘பாபுஷ்கா’ என்று கூப்பிட்டால் சுருங்கிவிடக்கூடும். உறவுமுறை வைத்து அந்நியரைக் கூப்பிடுவது அங்கே அன்பைவிட அலட்சியமாகவே படும். அட்டையில் இருக்கும் பெயரையும் தந்தைப் பெயரையும் பார்த்துச் சொல்லி, ‘வி’ போடுங்கள்.

கடவுள்? ‘தி’தான், எல்லா ஸ்லாவிய மொழிகளிலும். கர்த்தர் கற்பித்த ஜெபம் தமிழில் ‘உம்முடைய நாமம்’ என்று வருகிறது, ஸ்லாவியத்தில் ‘உன் நாமம்’. இது மரியாதைக் குறைவில்லை. மரியாதைப் பன்மை வருவதற்கு வெகு முன்பே அந்த வாசகங்கள் மொழிபெயர்க்கப்பட்டுவிட்டன, பிறகு யாருக்கும் மாற்ற மனம் வரவில்லை. தேவாரப் பாடல்கள் சிவனை ‘நீ’ என்பதில் நமக்கு என்ன குறை தெரிகிறது?

படி 6: போலந்துக்குப் போனால் எல்லாவற்றையும் கொஞ்சம் மறந்துவிடுங்கள்

ரஷ்யம் கற்றுவிட்டு வார்சா போய் ஒரு பெண்மணியிடம் ‘வி’ போட்டால் அது மரியாதையாக ஏறாது. போலிஷில் ஒருவருக்கு ‘வி’ சொல்வது ஒன்று, பழைய கிராமப் பேச்சாகக் கேட்கும், அல்லது கம்யூனிஸ்ட் கட்சிக் கூட்டத்தில் ‘தோழரே’ என்று விளித்த காலத்தை நினைவூட்டும். இரண்டாவது நினைவு அங்கே பலருக்கு இனிப்பானதில்லை.

போலிஷ் மரியாதை படர்க்கையில் நடக்கிறது. ஆணுக்குப் ‘பான்’, பெண்ணுக்குப் ‘பானி’, கலந்த கூட்டத்துக்கோ தம்பதிக்கோ ‘பாய்ன்ஸ்த்வோ’. ஆண்கள் மட்டும் என்றால் ‘பனோவியே’, பெண்கள் மட்டும் என்றால் ‘பானியே’. பான் என்றால் முதலில் பிரபு, எஜமான். பிரபுக்கள் தங்களுக்குள் பேசிக்கொண்ட முறை மெல்ல எல்லாருக்கும் பொதுவாகிவிட்டது. வினை இரண்டாம் ஆளுக்குப் போகாமல் மூன்றாம் ஆளுக்குப் போகும். ‘நீங்கள் எழுதினீர்களா, அம்மா?’ என்பது ‘ச்சி பானி பிஸாவா?’ ஆகிறது. சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘அம்மையார் எழுதினாரா?’ எதிரில் நிற்பவரிடமேதான் இப்படிக் கேட்கிறார்கள்.

வினோதமாகத் தோன்றினால் நம் பந்தியை நினைத்துப் பாருங்கள். புது மாப்பிள்ளை இலைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். ‘மாப்பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் சாதம் வைக்கட்டுமா? மாப்பிள்ளை சரியாவே சாப்பிடலையே’ என்று அவர் முகத்தைப் பார்த்தே கேட்போம். ‘நீங்கள்’ என்றுகூட நேராகத் தொடத் தயங்குகிற அந்த மரியாதையைப் போலந்துக்காரர்கள் பேருந்து நடத்துநருக்கும் கொடுக்கிறார்கள்.

ஏவலும் அப்படியே. ‘நியெஹ் பான் ஷாதா’ என்றால் ‘ஐயா உட்காரட்டும்’, அதாவது உட்காருங்கள். இன்னும் எளிய வழி ‘ப்ரோஷெ’ என்ற சொல்லோடு வினையின் மூலவடிவத்தைச் சேர்ப்பது. ‘ப்ரோஷெ பிஸாச்’ என்றால் ‘எழுதவும்’. நம் அறிவிப்புப் பலகைகளில் ‘வரிசையில் நிற்கவும்’ என்று எழுதுகிறோமே, அதைப் போல யாரையும் சுட்டாமல் வேலையை மட்டும் சொல்வது. கூட்டத்தில் ஒருவரைக் கூப்பிட ‘ப்ரோஷெ பானா’ (ஆணுக்கு), ‘ப்ரோஷெ பானி’ (பெண்ணுக்கு).

பெயரோடு சேர்க்கும்போது விளி வேற்றுமை வேண்டும். மாரெக் என்பவரைப் ‘பானியே மார்கு’, ஆன்னா என்பவரைப் ‘பானி ஆன்னோ’ என்று அழைப்பார்கள். ‘அண்ணன்’ என்பது கூப்பிடும்போது ‘அண்ணா’ ஆவது நமக்குத் தெரிந்ததே. நம் எட்டாம் வேற்றுமை போலிஷ், செக், உக்ரேனியம், செர்பியம் ஆகியவற்றில் உயிரோடு இருக்கிறது. ரஷ்யத்தில் அது தேய்ந்து சில சொற்களில் மட்டுமே எஞ்சியிருக்கிறது.

செக்கும் ஸ்லோவேனியமும்கூட ஒருகாலத்தில் படர்க்கைப் பக்கம் போனவைதான். ஜெர்மன் மொழியின் ‘ஸீ’ என்ற மரியாதைச் சொல்லைப் பார்த்து, எதிரில் இருப்பவரை ‘அவர்கள்’ என்று பேசும் பழக்கம் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் அங்கே பரவியது. இப்போது அது வழக்கொழிந்துவிட்டது. ஜெர்மனின் வேறொரு தடம் செர்பியத்திலும் குரோஷியத்திலும் உயிரோடு இருக்கிறது. ‘வி’ போட்டுப் பேசுவதற்கு அங்கே ‘பெர்சீராத்தி’ என்று ஒரு வினை உண்டு, ஜெர்மனின் ‘பெர் ஸீ’ என்ற தொடரிலிருந்து வந்தது.

படி 7: எழுதும்போது

நமக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற வேறுபாடே இல்லாததால் இது எளிதில் நழுவும். ரஷ்யத்தில் ஒருவருக்கு எழுதும் கடிதத்தில் ‘வி’யையும் அதன் எல்லா வடிவங்களையும் பெரிய எழுத்தில் தொடங்குவது மரபு. பலருக்கு எழுதினால் சின்ன எழுத்து. ஆக பேச்சில் கலந்துபோன ஒருமையும் பன்மையும் தாளில் மறுபடி பிரிந்துவிடுகின்றன. பல்கேரியத்திலும் ஒருவருக்கான மரியாதை ‘வியே’க்குப் பெரிய எழுத்து. போலந்துக்காரர்கள் கடிதத்தில் இன்னும் தாராளம், நண்பனுக்கு எழுதும் ‘தி’க்கும் பெரிய எழுத்துப் போடுவார்கள்.

படி 8: இருவருக்கென்று ஒரு சொல்

ஸ்லோவேனியத்துக்கும், கிழக்கு ஜெர்மனியின் லவுசிட்ஸ் பகுதியில் பேசப்படும் சோர்பிய மொழிகளுக்கும் மட்டும் இந்தப் படி. மற்றவர்கள் தாண்டிப் போகலாம். இம்மொழிகள் இருமையை இழக்கவில்லை. சமஸ்கிருதத்தில் ஒருவருக்கு, இருவருக்கு, பலருக்கு என்று மூன்று இருப்பதைப் போல. ஸ்லோவேனியத்தில் இரண்டு நண்பர்களை ‘வித்வா’ என்பார்கள், பவுட்ஸன் நகரத்தை மையமாகக் கொண்ட மேல் சோர்பியத்தில் ‘வோய்’, கீழ் சோர்பியத்தில் ‘வெய்’. வேடிக்கை என்னவென்றால் ஸ்லோவேனியத்தில் அந்த இருவரும் மரியாதைக்குரியவர்கள் என்றால் இருமை போய்விடும், ‘வி’ வந்துவிடும். மரியாதை எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை. ஒருவர், இருவர், இருநூறு பேர், எல்லாம் ‘வி’தான்.

படி 9: ‘வி’யிலிருந்து ‘தி’க்கு மாறுவது

தமிழில் இது சத்தமில்லாமல் நடக்கும். ‘நீங்க’ என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் எப்போது ‘நீ’க்கு வந்தார்கள் என்று அவர்களுக்கே ஞாபகம் இருக்காது. ஸ்லாவிய நாடுகளில் அது பெரும்பாலும் வாய்விட்டுச் சொல்லி நடக்கிற காரியம். ‘தி’ போட்டுப் பேசுவதற்கும் ‘வி’ போட்டுப் பேசுவதற்கும் தனித்தனி வினைச்சொற்களே இருக்கின்றன. செக்கில் திகத், விகத். ‘நாம் திகத் செய்துகொள்ளலாமா?’ என்று கேட்பார்கள்.

யார் கேட்க வேண்டும் என்பதற்கு வரிசை உண்டு. மூத்தவர் இளையவரிடம், மேலதிகாரி கீழே இருப்பவரிடம், பெண் ஆணிடம். நீங்கள் இளையவர் என்றால் காத்திருங்கள். பெரியவர் ‘தி’க்கு வரச் சொன்ன பிறகும் நாக்கு ‘வி’யிலேயே நின்றால் பரவாயில்லை, ஒருபக்கம் தி, மறுபக்கம் வி என்று வருடக்கணக்கில் ஓடும் உறவுகள் உண்டு. பழைய சடங்கும் ஒன்று இருக்கிறது. இருவரும் கையோடு கை பின்னி, கோப்பையை ஒரே நேரத்தில் காலி செய்து, அதோடு ‘தி’ ஆகிவிடுவது. ஜெர்மனிலிருந்து வந்த ‘ப்ரூதர்ஷாஃப்த்’ என்ற பெயர் ரஷ்யாவிலும் போலந்திலும் அதற்கு வழங்குகிறது. குடிக்காதவர்களுக்கு வாய்ச்சொல்லே போதும்.

அனுமதி இல்லாமல் ‘தி’ போட்டால்? ‘நாம் இரண்டு பேரும் சேர்ந்து பன்றி மேய்க்கவில்லை’ என்று போலந்துக்காரர் சொல்வார், ரஷ்யரும் சொல்வார். நம் ஊரில் ‘வாய்யா போய்யான்னு பேசற வேலையெல்லாம் வேணாம்’ என்பது போல. பதிலுக்கு விவாதிக்காமல் மன்னிப்புக் கேட்டு ‘வி’க்குத் திரும்புவதே வழி. நண்பர் ஒருவர் திடீரென்று ‘தி’யிலிருந்து ‘வி’க்குத் திரும்பினால் அது மரியாதை கூடியதற்கு அடையாளமில்லை. கோபம். கணவன் மனைவிக்குள் வந்தால் பெருங்கோபம்.

செர்பியாவிலும் பல்கேரியாவிலும் ஒத்த வயதுக்காரர்களிடையே ‘தி’ சீக்கிரம் வந்துவிடும், சடங்கெல்லாம் குறைவு. செக் அலுவலகங்களில் கொஞ்சம் தாமதமாகும். போலந்தில் ‘பானியே மார்கு’ என்ற நடுப்படியில் பல ஆண்டுகள் தங்கிவிடலாம்.

ரஷ்யாவில் அந்த அழைப்பு இப்படி வரும்: ‘தவாய்த்யே ந தி’. ‘தி’க்கு மாறுவோமா என்று பொருள். கவனித்தீர்களா, அழைப்புக்குள்ளேயே இன்னும் அந்த ‘த்யே’ ஒட்டிக்கொண்டிருக்கிறது. அனுமதி கிடைக்கும்வரை மரியாதையைக் கழற்றக் கூடாது அல்லவா? நீங்கள் சொல்ல வேண்டிய பதில் ஒரே சொல்: ‘தவாய்’. த்யே இல்லாமல்.